தண்ணீர் இறங்கிய கரையைப் படம் எடுக்க: நீலகிரி அணைக்கரைகளுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நீலகிரியில் நிலக்காட்சிப் படம் எடுக்கத் தொடங்குகிற பலரும் தேயிலைச் சரிவு, மலை ரயில், தொட்டபெட்டா என்றுதான் முதலில் போகிறார்கள். போகட்டும், அதெல்லாம் அழகான இடங்கள்தான். ஆனால் சுவரில் மாட்டி வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியான ஒரு படம் வேண்டுமென்றால், நான் உங்களை அனுப்புவது அணைக்கரைக்கு. அதுவும் அணை நிரம்பித் ததும்பும்போது இல்லை, தண்ணீர் இறங்கி, நிரம்பிய மட்டத்துக்கும் இப்போதைய தண்ணீருக்கும் நடுவே ஒரு வெற்று நிலம் வெளியே வந்து கிடக்குமே, அப்போது.

கடலோரத்தில் கழிமுகத்தை, அதாவது ஆறு கடலில் கலக்கிற இடத்தை, படம் எடுப்பவர்கள் ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) பார்த்துத்தான் கிளம்புவார்கள். சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஏறும், நடுவில் வற்றும், பௌர்ணமி அமாவாசையை ஒட்டி அந்த ஏற்ற இறக்கம் அதிகமாகும். வற்றும்போது தெரிகிற சேறு, மணல் வரிகள், சின்னச் சின்ன வாய்க்கால்கள், இவைதான் அவர்களுக்குப் படம். நம் மலையில் ஓதம் கிடையாது. ஆனால் கழிமுகத்தில் நிலா செய்கிற வேலையை இங்கே மழையும் மின்சாரத் தேவையும் சேர்ந்து செய்கின்றன. அங்கே சில மணி நேரத்தில் நடப்பது இங்கே மாதக்கணக்கில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் இன்று தவறவிட்ட கரை அடுத்த வாரமும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

எப்போது போவது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி, பைக்காரா என்று மேற்கு நீலகிரி முழுக்க நீர்த்தேக்கங்கள். பைக்காரா மின்நிலையம் 1932இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. குந்தா நீர்மின் திட்டம் அதற்கு அப்புறம், கனடா நாட்டு உதவியோடு வந்தது. இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் கொடுப்பது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழை. அந்த மழையின் வேகம் எப்படியென்றால், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மழை நின்று, மின் உற்பத்திக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கும். பொதுவாக ஜனவரியில் கரை தெரிய ஆரம்பித்து, ஏப்ரல், மே மாதங்களில் நன்றாக வெளியே வந்துவிடும். ஆனாலும் வருடத்துக்கு வருடம் மாறும், காலண்டரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் உட்கார்ந்தபடி மட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் எடுக்கிற படங்கள் கோபர்நிகஸ் பிரவுசர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சுமார் ஐந்து நாளைக்கு ஒரு முறை புதிய படம் வரும், ஒரு புள்ளிக்கு 10 மீட்டர் என்கிற அளவுக்குத் தெளிவு. எமரால்டு நீர்த்தேக்கத்தைத் தேடி, அக்டோபர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தண்ணீரைச் சுற்றி வெளிர் பழுப்பில் ஒரு விளிம்பு தெரியும். அது எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே கரை சரிவு குறைவு, நடக்கவும் படம் எடுக்கவும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய கோடாகத் தெரிந்தால் செங்குத்தான கரை, அங்கே போக வேண்டாம். மழைக் காலத்தில் மேகம் மறைத்துவிடும், ஆனால் அப்போது உங்களுக்கு இந்தப் படம் தேவையும் இல்லை. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களும் பார்க்கலாம், எந்த முனை எப்போதெல்லாம் வெளியே வந்திருக்கிறது என்று அதில் தெரியும்.

அடுத்தது அனுமதி. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அணைக்கட்டும் அதை ஒட்டிய பகுதியும் மின்வாரியத்தின் பாதுகாப்பில் இருப்பவை, அங்கே கேமராவோடு நுழையக் கூடாது. அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் வனத்துறை விடுகிற அளவுக்குத்தான் போக முடியும். ட்ரோன் எண்ணமே வேண்டாம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இரண்டு இடம். ஒன்று, ஊட்டி–கூடலூர் ரோட்டில் தலைகுந்தா தாண்டியதும் தெரிகிற காமராஜ் சாகர், ரோட்டோரத்திலிருந்தே டெலி லென்ஸில் (தூரத்தை நெருக்கமாகக் காட்டும் லென்ஸ்) நிறைய எடுக்கலாம். இன்னொன்று இத்தலார் வழியாகப் போகிற எமரால்டு, அங்கே ஊரை ஒட்டிய கரை. ஊரில் யாரையாவது பார்த்து, “அண்ணா, இந்தப் பக்கம் கரைக்கு இறங்கலாமா, தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு?” என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு அந்தச் சேற்றைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. எது கெட்டித் தரை, எது மேலே காய்ந்து கீழே களியாக இருக்கிறது என்று அவர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள். பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு பேரிஜம் ஏரி இருக்கிறது, அதற்கும் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

தனியாகப் போக வேண்டாம். காட்டெருமை விடியற்காலையில் தண்ணீருக்கு வரும், கரை வெட்டவெளி என்பதால் நீங்கள் ஒதுங்க மரம்கூட இருக்காது. நடக்கும்போது ஒரு கம்பு கையில் வைத்துக்கொண்டு முன்னால் குத்திப் பார்த்து நடங்கள், கணுக்கால் புதைந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். தண்ணீர் விளிம்புக்கு ஐந்தாறு அடி இருக்கும்போதே நின்றுகொள்வது நல்லது, அதற்கு மேல் நெருங்கிப் படத்துக்குக் கிடைக்கப்போவது பெரிதாக ஒன்றுமில்லை.

சாமான் பற்றி நிறையக் கேட்பார்கள். கையில் இருக்கிற கேமரா போதும். ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கிற எந்த கேமராவும் சரி, ப்ரோ மோட் இருக்கிற போன்கூடப் பழக்கத்துக்குச் சரிதான். பணம் செலவழிக்க வேண்டுமென்றால் ட்ரைபாடில் (முக்காலி) செலவழியுங்கள், கேமரா உடலில் இல்லை. லென்ஸில் எனக்குத் திட்டமான ஒரு கருத்து உண்டு: இந்தக் கரைக்கு அகலமாகக் காட்டும் வைடு லென்ஸை விட 70-200 மில்லிமீட்டர் போன்ற டெலி நல்லது. வைடு போட்டால் எதிர்க்கரைத் தேயிலை, மின்கம்பி, வெள்ளை வீடு, தகரக் கூரை எல்லாம் உள்ளே வந்துவிடும், மலையும் குட்டையாகிவிடும். டெலியில் ஒரு வளைவையும் ஒரு துண்டுத் தண்ணீரையும் மட்டும் வெட்டி எடுக்கலாம். ஒரு போலரைசர் (மினுமினுப்பைக் குறைக்கிற ஃபில்டர்), 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைத்து எக்ஸ்போஷர் நேரத்தை நீட்ட உதவும் கருமையான கண்ணாடி) ஒன்று, ரிமோட் இல்லாவிட்டால் கேமராவிலேயே இருக்கிற 2 விநாடி டைமர், கூடுதலாக ஒரு பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் அந்தக் கூடுதல் பேட்டரியை ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மேட்டில் நின்று முதலில் கரையைப் படியுங்கள். தண்ணீர் ஒரே சீராக இறங்குவதில்லை, ஒரு மட்டத்தில் சில நாள் நிற்கும், அப்புறம் இறங்கும், மறுபடி நிற்கும். நின்ற இடத்திலெல்லாம் சின்ன அலைகள் மண்ணை அரித்து ஒரு படி வெட்டிவிட்டுப் போயிருக்கும். அதனால்தான் கரை முழுக்க ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வரிகள், மலையின் வளைவை அப்படியே தொடர்ந்து போகின்றன. ஒரு பக்கம் செம்மண், ஓடை வந்து சேர்கிற இடத்தில் கறுப்பு வண்டல், மேலே வெகுநாளாகத் தண்ணீர் படாத இடத்தில் பச்சைப் புல் முளைத்திருக்கும், கீழே இறங்க இறங்க மண் ஈரமாகிக் கருமையாகும். அணை கட்டியபோது மூழ்கிய அடிமரங்கள் சில இடங்களில் தலை நீட்டும். ஓடை வந்து கலக்கிற முனைதான் கழிமுகத்துக்கு ரொம்ப நெருக்கமான இடம்: காய்ந்த வண்டலை அறுத்துக்கொண்டு தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து போகும், அந்தக் கிளைகளை உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு முழுப் படம் அங்கேயே இருக்கிறது. உங்கள் கண் இந்த வரிகளைத் தொடர்ந்து எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கண் நிற்கிற இடத்தில் ஒரு கல்லோ, ஒரு கட்டையோ, தண்ணீரின் ஒரு முனையோ இருந்தால் அதுதான் உங்கள் படத்தின் இடம். ஒன்றுமே இல்லாமல் கண் சட்டத்துக்கு (படத்தின் எல்லைக்கு) வெளியே ஓடினால் இரண்டடி தள்ளி நின்று மறுபடி பாருங்கள்.

இதைச் செய்து முடிக்கும் வரை ஈர மண்ணில் கால் வைக்க வேண்டாம். உங்கள் செருப்புத் தடம் விழுந்துவிட்டால் அடுத்த மழை வரை போகாது. நீங்கள் மட்டுமில்லை, அடுத்து வருகிறவரும் அதைத்தான் பார்ப்பார். எடுக்கப்போகிற இடத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து சேருங்கள். மாட்டுக் குளம்புத் தடம் வேறு விஷயம், அது அந்தக் கரையைச் சேர்ந்தது, அதை மறைக்கவோ அழிக்கவோ வேண்டியதில்லை. சில சமயம் அந்தத் தடங்களில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரியும், அது நல்ல படம்.

ட்ரைபாட் சேற்றில் மெல்ல மெல்ல இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாலு விநாடிப் படத்தில் கலங்கல் காட்டிவிடும். கால்களை முதலில் நன்றாக அழுத்திப் புதைத்துவிட்டு, ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் சட்டத்தைச் சரிசெய்யுங்கள். களி ரொம்ப இளகலாக இருந்தால் மூன்று காலுக்கு அடியிலும் தட்டையான கல் வைக்கலாம். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் ஆடும். வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள், இல்லையென்றால் செம்மண் பூட்டுகளுக்குள் போய் அரைக்கத் தொடங்கிவிடும்.

சரி, இப்போது எக்ஸ்போஷர். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8 முதல் எஃப் 11 வரை. எஃப் 22க்குப் போனால் எல்லாம் கூர்மையாகும் என்று சொல்வார்கள், நடப்பது நேர்மாறு, அவ்வளவு சின்ன துளையில் ஒளி சிதறி முழுப் படமும் கொஞ்சம் மங்கும். ஃபோகஸை லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின் திரையில், பெரிதாக்கிப் பார்த்து மேனுவலில் (கையால் திருப்பி) வையுங்கள், ஃபில்டர் மாட்டுவதற்கு முன்பே. விடியற்காலையில் எஃப் 11இல் கேமராவின் மீட்டர் (ஒளி அளவி) 1/15 விநாடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் நேரத்தை இரட்டிப்பாக்கும், 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு, அதாவது நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேல். 10 ஸ்டாப் போட்டால் ஆயிரம் மடங்குக்கு மேல், ஒரு நிமிடம் தாண்டிவிடும், பல கேமராக்களில் 30 விநாடிக்கு மேல் பல்ப் மோட் (ஷட்டரை நாமே வேண்டிய நேரம் திறந்து வைக்கும் முறை) வேண்டும்.

எல்லாரும் 10 ஸ்டாப்தான் வாங்கச் சொல்வார்கள். கடலுக்கு அது சரி, அங்கே அலை இருக்கிறது, அதை அமர்த்த நேரம் வேண்டும். அணைத் தண்ணீரில் காற்று கிளப்புகிற சிற்றலை மட்டும்தான். ஒரு விநாடி, இரண்டு விநாடி கொடுத்தாலே அது பட்டு மாதிரி ஆகிவிடும், ஆனால் தண்ணீர் என்று இன்னும் தெரியும். ஒரு நிமிடம் கொடுத்தால் தண்ணீர் வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது, மேலே நகர்கிற மூடுபனியும் அதோடு கரைந்து, நீங்கள் விடியலில் எழுந்து வந்ததற்கான காரணமே படத்தில் இல்லாமல் போய்விடும். மூடுபனியின் வடிவம் வேண்டுமென்றால் ஃபில்டரே வேண்டாம், 1/30 அல்லது 1/15 போதும்.

மூடுபனியில் கேமராவின் மீட்டர் ஏமாறும். வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்து படத்தை இருட்டாக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள், ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருட்டு, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு வலது பக்கம் நெருங்கி இருக்கட்டும், வலது ஓரத்தில் முட்டாமல். போலரைசர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதைத் திருப்பினால் ஈரச் சேற்றின் மினுமினுப்பு போய் மண்ணின் நிறம் நன்றாகத் தெரியும். ஆனால் தண்ணீர் இறங்கிய கரையில் அந்த மினுமினுப்புதான் பல நேரம் படமே. முழுசாகத் திருப்பி ஒன்று, பாதி திருப்பி ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று என எடுத்து வீட்டில் பாருங்கள், எனக்கு மூன்றாவதுதான் அதிகம் பிடிக்கிறது.

நேரம்: டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் சூரியன் உதிக்கவே ஆறரை மணிக்கு மேல் ஆகும், கிழக்கே மலை மறைத்தால் வெயில் கரைக்கு வர இன்னும் நேரமாகும். அந்த இடைவெளிதான் பொன்னான நேரம். இரவு வானம் தெளிவாக இருந்து உறைபனி விழுந்த காலைகளில், நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மேலே உள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பி ஒரு மெல்லிய அடுக்காக நிற்கும். கரைப் படிகளில் உறைபனி வெள்ளையாக ஓரம் கட்டியிருக்கும். வெயில் தொட்டதும் இரண்டுமே போய்விடும். ஆகவே இருட்டிலேயே இடத்துக்கு வந்து, முந்தின நாள் மாலையே பார்த்துவைத்த சட்டத்தில் ட்ரைபாடை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் உறைபனி இருக்காது, ஆனால் கரை அதிகமாகத் தெரியும், மதியத்துக்கு மேல் இடி மேகம் கட்டும், மேகத்தின் கீழே வருகிற அந்தச் சாம்பல் வெளிச்சம் வரிகளுக்கு ரொம்ப நல்லது. மின்னல் தெரிந்தால் மட்டும் உடனே மூட்டை கட்டிவிடுங்கள், வெட்டவெளியில் உலோக ட்ரைபாடோடு நிற்கிற இடமில்லை அது.

திரும்பி வந்ததும் குளிர்ந்த கேமராவை நேராக அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுபோய்த் திறந்தால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். பைக்குள்ளேயே மூடி வைத்து, ஒரு மணி நேரமாவது விட்டு எடுங்கள். மலையில் வருடம் முழுக்க ஈரம், லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இங்கே சர்வசாதாரணம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தோல் உறைக்குள் லென்ஸை வைத்து அலமாரியில் வைக்காதீர்கள்.

கணினியில் செய்கிற வேலைக்கு வருவோம். இந்தக் கரைகளுக்குக் கறுப்பு வெள்ளை அழகாகப் பொருந்தும், அதுவும் நம் ஊருக்கு அந்நியமானது இல்லை: 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டி இந்து நகரிலிருந்துதான் நாடு முழுக்கக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அனுப்பியது. ரா ஃபைலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நிறங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். சிவப்பை ஏற்றினால் செம்மண் வெளுத்து வரிகளின் நிழல் தெளிவாகும், நீலத்தை இறக்கினால் தண்ணீர் கருக்கும். இரண்டையும் அளவு மீறித் தள்ளினால் விளிம்புகளில் வெள்ளைக் கோடு விழும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். வண்ணத்திலேயே வைத்திருக்க விரும்பினால் மண்ணின் நிறத்தைக் கூட்டாதீர்கள். அந்தச் செம்மண்ணும் கறுப்பு வண்டலும் நேரில் பார்க்கும்போது அடக்கமான நிறங்கள், அந்த அடக்கம் படத்திலும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எதிர்க்கரையில் இருக்கிற வீட்டை மென்பொருளில் அழிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. வேண்டாமென்றால் லென்ஸைத் திருப்பி வெளியே விட்டிருக்கலாம்.

ஒரே படத்தோடு நிறுத்திவிடாமல் ஒரு கரையை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்கப் போய்வாருங்கள். அதே கல், அதே கோணம், அக்டோபரில் தண்ணீருக்குள், பிப்ரவரியில் விளிம்பில், மே மாதத்தில் காய்ந்த மண்ணின் நடுவே. ட்ரைபாட் நின்ற இடத்தைப் போனில் குறித்துவையுங்கள், எந்த லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுதிவையுங்கள். வருடக் கடைசியில் எல்லாவற்றையும் சின்னதாக அச்சடித்து, தரையில் பரப்பி, பத்துப் பன்னிரண்டு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். திரையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட இது பல மடங்கு நேர்மையான வழி.

கடைசியாகப் பெரிய பிரின்ட். 24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000 புள்ளி கொடுக்கும், அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் 20 அங்குல அகலம் வரை தாராளமாக வரும். பளபளக்கும் தாள் வேண்டாம், பருத்தி நாரில் செய்த மேட் தாளும் (பளபளப்பில்லாத தாள்) பிக்மென்ட் மையும் (நிறமித் துகள் கலந்த மை) கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சேற்றின் கருமையும் மூடுபனியின் வெண்மையும் அதில்தான் தனித்தனியாக நிற்கும். முதலில் படத்தின் இருட்டான ஒரு துண்டை மட்டும் சின்னதாக அச்சடித்துப் பார்த்து, கருமை அடைத்துப்போகாமல் இருந்தால் முழுசாகப் போடச் சொல்லுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி ஓரத்தில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நம் மலை வீடுகளில் ஜூன் வந்தால் சுவரில் ஈரம் ஏறும் இல்லையா, அதனால் சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக வழி விட்டு, வெளிச்சுவரில் இல்லாமல் உள்சுவரில் மாட்டுங்கள்.